பதினாறாம் எண் வீட்டுக் குப்பை

செபஸ்தியம்மாள் வீட்டிலிருந்து எண்பத்தொரு நாளில் வந்த குப்பை மொத்தம் எண்ணூற்று எழுபது கிராம். அதில் இருநூற்று இருபது கிராம், கீழே விழுந்து உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி. மீதி அறுநூற்று ஐம்பது கிராம், ஈஸ்டருக்கு வந்த உறவினர்கள் விட்டுப்போன கேக் அட்டைகளும் காகிதத் தட்டுகளும். எங்கள் தெருவில் மற்ற வீடுகளில் ஒரு நாளைக்கே சராசரியாக ஒரு கிலோ முந்நூறு கிராம் வருகிறது.

எங்கள் ஊர் பூதலூரிலிருந்து நாலு கிலோமீட்டர். தெருவில் முப்பத்தொரு வீடுகள். காலையில் தூய்மைக் காவலர் இசைவாணி தள்ளுவண்டியோடு வந்து வீடு வீடாகக் குப்பை வாங்குவார். தெருக்கோடியில் இருக்கும் உரக்குடிலில் அதைக் கொட்டுவதற்கு முன்னால் தொங்குதராசில் மாட்டி, எந்த வீட்டுக் குப்பை எவ்வளவு என்று நான் எழுதுவேன். பாசனத் துறையில் முப்பத்து நாலு வருடம் மதகு வாசலில் நீர்மட்டம் எழுதியவன் நான். ஓய்வுபெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஊராட்சிச் செயலர் புகழேந்தி, "சார், குப்பை எவ்வளவு வருதுன்னு மேல கேக்குறாங்க. நம்ம ஆளுங்க எழுதினா எல்லா நாளும் ஒரே எடையா எழுதிடுவாங்க, நீங்க எழுதுங்களேன்" என்று கேட்டார். பிப்ரவரி மூன்றாம் தேதி திங்கட்கிழமை தொடங்கினேன். ஞாயிறு விடுமுறை.

பதினாறாம் எண் வீட்டுக்கு நேராக மே ஏழாம் தேதி வரை எழுபத்தொன்பது நாள் பூஜ்ஜியம் எழுதியிருக்கிறேன். மூன்று பேர் இருக்கும் வீடு. கணவர் இருதயசாமி கொத்தனார். மகள் லின்சி நாலாம் வகுப்பு முடித்து ஐந்துக்குப் போகிறாள். சமைக்காத வீடும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் திரும்பிய ஒரு மணி நேரத்துக்கெல்லாம் மீன் குழம்பு வாசனை தெருமுனை வரைக்கும் வரும். அந்த மீனின் செதில் எங்கே போகிறது என்று நான் யோசித்துப் பார்த்தது கிடையாது. எழுதியதோடு சரி.

மே எட்டாம் தேதி வியாழக்கிழமை அது கேட்க வேண்டிய கேள்வியாக ஆனது. மேட்டூர் திறப்பதற்கு முன்னால் வாய்க்கால் தூர்வாரும் வேலை நடந்துகொண்டிருந்தது. நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள், செபஸ்தியம்மாள் கொல்லைக்குப் பின்னால் உள்ள குழாய்ப் பாலத்துக்குள் மண்வெட்டியை விட்டபோது ஐந்து கறுப்புப் பைகள் சிக்கின. வாய் இறுக்கிக் கட்டியிருந்தது. நாற்றம் தாங்காமல் பிரிக்காமலே உரக்குடில் மூலையில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

புகழேந்தி என் நோட்டை வாங்கிப் புரட்டினார். பதினாறாம் எண் வரிசையில் விரலை வைத்தார்.

"பாத்தீங்களா சார், எல்லா வீட்டுலயும் குப்பை வருது. இந்த வீட்டுல மட்டும் வரல. வாய்க்கால்ல வந்திருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

நானும் அந்த வரிசையைப் பார்த்தேன். எண்கள் சரியாகத்தான் இருந்தன.

இது வேறு எந்தச் சமயத்தில் நடந்திருந்தாலும் ஒரு எச்சரிக்கையோடு போயிருக்கும். ஆனால் அடுத்த திங்கட்கிழமை, மே பன்னிரண்டாம் தேதி, பள்ளிக்கூடத்தில் காலை உணவு சமைக்க மகளிர் குழுவிலிருந்து ஆள் எடுக்கும் கூட்டம் இருந்தது. அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாயாக இருக்க வேண்டும், சமையல் தெரிந்திருக்க வேண்டும். செபஸ்தியம்மாள் பெயர்தான் முதலில் இருந்தது. தஞ்சாவூரில் ஒரு கல்லூரி விடுதிச் சமையலறையில் பதினோரு வருடம் இருந்தவர். விடிகாலை நாலரை மணிக்குக் கிளம்பி, மகள் தூங்கின பிறகு வீடு திரும்பிய நாட்கள் போதும் என்று போன வருடம்தான் அந்த வேலையை விட்டார். உள்ளூரிலேயே, மகள் படிக்கும் பள்ளியிலேயே அடுப்படி கிடைக்கும் என்று எட்டு மாதமாகக் காத்திருந்தார்.

"வாய்க்கால்ல குப்பையைக் கொட்டுறவங்க கையில புள்ளைங்க சோத்தைக் குடுக்க முடியுமா? கூட்டத்துல நான் சொல்லத்தான் வேண்டியிருக்கும்" என்றார் புகழேந்தி. அவரைக் குறை சொல்ல முடியாது. நான் எழுதியதை அவர் படித்தார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு நான் பதினாறாம் எண் வீட்டுக்குப் போனேன். செபஸ்தியம்மாள் வாசலில் நின்று முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"வாங்க சார். நோட்டு எடுத்துட்டு வரலியா?"

"கொண்டுவந்திருக்கேன்."

"அப்ப இன்னிக்கும் ஒரு முட்டை போட்டுட்டுப் போங்க. மூணு மாசமா எம் வீட்டுக்கு முட்டை போடுறீங்களே, ஏம்மா உன் வீட்டுல குப்பையே வரலியேன்னு ஒரு நாள் கேட்டீங்களா? வண்டி பக்கத்துல நின்னு பேப்பரைத்தானே பாத்தீங்க?"

"கேக்கல. தப்புதான். இப்பக் கேக்க வந்திருக்கேன்."

"இப்ப ஊரே பதில் சொல்லிடுச்சே சார்."

"ஊர் சொன்னது இருக்கட்டும். எனக்குக் காட்டு. இந்த வீட்டுக்குள்ள வர்றது எல்லாம் எந்த வழியா வெளிய போகுதுன்னு பாக்கணும்."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். கோபம் போகவில்லை. ஆனால் காட்டுவதற்கு அவருக்கு ஆசை இருந்தது என்று எனக்குப் பட்டது. "அப்ப இன்னிக்கு முழுக்க உக்காருங்க. காபி குடுப்பேன். பேப்பர் கப் கிடையாது" என்றார்.

நான் அன்று மாலை ஐந்தரை வரை அங்கே இருந்தேன்.

முதலில் அரிசி களைந்தார். இரண்டாவது கழுநீரில் வாழைக்காய் நறுக்கிப் போட்டு வைத்தார். முதல் கழுநீரும் வாழைக்காய்த் தோலும் பக்கத்து வீட்டு மாட்டுக்கான வாளிக்குப் போயின. அந்த வீட்டிலிருந்துதான் இவருக்குப் பால். தூக்குப் பாத்திரத்தில் வாங்குவதால் பால் உறையே இந்த வீட்டில் கிடையாது. பூண்டுத் தோல், வெங்காயத் தோல், முட்டை ஓடு ஆகியவற்றை மாடு தின்னாது. அவை ஓட்டைப் பானைக்குப் போயின. கொல்லையில் இப்படி மூன்று பானைகள், ஒன்று நிரம்பிக்கொண்டும் ஒன்று மக்கிக்கொண்டும் ஒன்று காலியாகியும் இருந்தன. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். மழை பெய்த மண் வாசனைதான் வந்தது.

"மீன் செதில்?" என்றேன்.

"வாழைக்கு. போன வாரம் அந்த மரத்தடியில, இந்த வாரம் இந்த மரத்தடியில. ஒரு முழம் பள்ளம் தோண்டணும், இல்லாட்டி நாய் கிளறிடும். தோண்டிப் பாக்குறீங்களா?"

"பாக்குறேன்."

"ஐயோ, இவரு நிஜமாவே பாப்பாரு போலிருக்கே!" என்று முதல் முறையாகச் சிரித்தார். நான் தோண்டிப் பார்த்தேன். ஒரு முழத்துக்கு நாலு விரல் குறைவு. மீன் முள் இருந்தது.

குளியல் தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் ஒரு சிறு வாய்க்கால் வழியாகச் சேம்புக்கும் வாழைக்கும் போகின்றன. தேங்காய் நார்தான் பாத்திரம் தேய்க்க. தேய்ந்துபோனதும் அது மரத்தடி ஈரம் காயாமல் காக்கும் மூடாக்காகிறது. இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது சோறு வடித்த விதம். புழுங்கலரிசி உலையில் பத்து நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டார். பானையைப் பழந்துணியில் சுற்றி, உமி நிறைத்த ஒரு மரப்பெட்டிக்குள் இறக்கி, மேலே தலையணை ஒன்றை வைத்து மூடினார். அப்போது மணி ஒன்பது நாற்பத்திரண்டு.

"இது வேகுமா?"

"உமிக்குச் சூட்டை விட மனசு வராது சார். ரைஸ் மில்லு உமி இந்த ஊருல எவ்வளவு வேணும்னாலும் கெடக்கு."

பத்து முப்பத்தைந்துக்குத் திறந்தார். ஒரு பருக்கையை நசுக்கிக் காட்டினார். நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லை. கேஸ் சிலிண்டர் அந்த வீட்டில் எழுபது நாளுக்கு மேல் வருகிறது. எங்கள் வீட்டில் ஐம்பத்திரண்டு நாள். சிலிண்டர் வண்டி வரும் நாளையும் குறித்து வைப்பவன் நான் என்பதால் இந்தக் கணக்கு எனக்கு ஏற்கெனவே தெரியும். ஏன் என்பதுதான் தெரியாது.

பகல் பதினொரு மணிக்குப் பலசரக்கு வாங்கக் கிளம்பினார். நானும் போனேன். கையில் ஒரு எண்ணெய்க் கேன், இரண்டு டப்பா, நாலு துணிப்பை. கடைக்காரர் நெய்னா முகம்மது எங்களைப் பார்த்ததும் தராசுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வந்துட்டாங்கய்யா டப்பாக்காரம்மா! முதல்ல டப்பாவை நிறுக்கணும், அப்புறம் சாமானோட நிறுக்கணும், அப்புறம் கழிக்கணும். உங்க ஒருத்தருக்கு நேரம் செலவழிக்கிறதுக்குள்ள மூணு கிராக்கி போயிடுது."

"டப்பா எடையை நான்தான் அடியில பெயிண்ட்ல எழுதியிருக்கேனே பாய். கண்ணாடியைப் போட்டுப் பாருங்க."

"நீ எழுதினா நம்பிடணுமா?"

"நிறுத்துப் பாத்து நீங்கதானே சொன்னீங்க, நான் எழுதிக்கிட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே கேனை வாங்கினார். என் பக்கம் திரும்பி, "சார், நெசமாச் சொல்றேன், மத்தவங்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைக் கட்டு கவர் போகுது. எல்லாரும் இந்தம்மா மாதிரி வந்தா எனக்கு மிச்சம்தான். ஆனா இடுப்பு போயிடும்" என்றார்.

மாலையில் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் தகர டின்னை எடுத்து என் முன்னால் வைத்தார். அதில் மாத்திரை அட்டைகள், இரண்டு பேட்டரி செல், எரிந்துபோன ஒரு பல்பு, லின்சியின் மை தீர்ந்த பேனாக்கள், ஷாம்பு உறைகள் இருந்தன. கழுவி மடித்த பிளாஸ்டிக் கவர்கள் தனியாக ஒரு சாக்கில். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பழைய சாமான்காரரிடம் அந்தச் சாக்கு போகும்.

"இந்த டின்னுல இருக்குறதை மட்டும் எங்க போடுறதுன்னு எனக்குத் தெரியல சார். மக்காது, யாரும் வாங்க மாட்டாங்க, எரிச்சா புகை. அதான் வச்சிருக்கேன். நெறைஞ்சா என்ன செய்றதுன்னும் தெரியல."

"இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல. விடுதியில நானூறு தட்டு சார். மத்தியானம் ஒரு வேளைக்கு மூணு டிரம் மிச்சம். அள்ளிக் கொட்டுறது என் வேலை. பதினோரு வருஷம். பஸ்ஸுல வரும்போது கையில அந்த வாடை இருக்கும். எம் புள்ளைக்குச் சோறு பிசைஞ்சு குடுக்கவே கூசும். எம் வீட்டுல மிச்சம்னு ஒண்ணு இருக்கக் கூடாதுன்னு தோணிச்சு. ஒவ்வொண்ணா நிறுத்தினேன். முதல்ல பால் கவர். அது ஒண்ணுக்கே ஒரு மாசம் ஆச்சு." டின்னை மூடிவிட்டுச் சொன்னார்: "இந்த வேலை கெடைச்சா, புள்ளைங்க தட்டுல ஏன் மிச்சம் வைக்குதுங்கன்னு பாக்கணும்னு இருந்தேன். விடுதியில அதைக் கேக்க விடல. நீ அள்ளு, போதும்னாங்க."

கிளம்பும்போது அவரிடம் நான் எதுவும் உறுதி சொல்லவில்லை. அவர் வீட்டுக் குப்பை எங்கே போகிறது என்று பார்த்தாயிற்று. அந்தப் பைகள் எங்கிருந்து வந்தன என்பது இன்னும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை வண்டி வேலை முடிந்ததும் இசைவாணியிடம், "அந்த ஐந்து பையையும் பிரிச்சுப் பாத்துடலாம்" என்றேன்.

"சார், உங்களுக்கு வேற வேலை இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே அவர் கையுறை மாட்டிக்கொண்டு, எனக்கும் ஒரு ஜோடி கொடுத்தார்.

மொத்த எடை பதினோரு கிலோ நானூறு கிராம். முதல் பையை அறுத்தோம். உள்ளே முழுக்கக் குழந்தைக்குக் கட்டும் டயாப்பர். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காகிதத்தில் பொட்டலம் கட்டியிருந்தது. செபஸ்தியம்மாள் வீட்டில் கைக்குழந்தை இல்லை. அந்த நிமிடமே அவர் மேலிருந்த சந்தேகம் தீர்ந்துவிட்டது. இசைவாணிக்கும் அது புரிந்தது. "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டார்.

பிறகு ஒரு பொட்டலத்தின் காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். கோடு போட்ட தாள். இடது பக்கம் தேதி, நடுவில் மேல்மட்டம், வலது பக்கம் கீழ்மட்டம். 1991 ஆகஸ்ட்.

"சார்... இது உங்க எழுத்து மாதிரி இருக்கே."

என் எழுத்துத்தான். மதகில் எழுதியதை வீட்டுக்கு வந்து ஒரு படி எடுத்து வைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. அந்த நோட்டுகள் பரணில் இருந்தன. மிச்சப் பொட்டலங்களையும் எண்ணினேன். ஐந்து பையிலும் சேர்த்து அறுபத்து மூன்று. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை தாள்கள் வரிசையாக இருந்தன.

என் மகள் செந்தாமரை பிரசவம் முடிந்து ஏப்ரல் பதினாறாம் தேதி எங்கள் வீட்டுக்கு வந்தாள். டயாப்பர் பாக்கெட்டுகள் வாங்கி வந்தவர் மாப்பிள்ளை. அவை அலமாரியில் அடுக்கியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நோட்டை எடுத்து எங்கள் வீட்டு வரிசையைப் பார்த்தேன். குழந்தை வருவதற்கு முன்னால் சராசரி ஒரு கிலோ நூறு கிராம். வந்த பிறகு ஒரு கிலோ இருநூறு. இரண்டு பேர் கூடியிருக்கிறார்கள், குப்பை நூறு கிராம்தான் கூடியிருக்கிறது. தினமும் என் கையால் எழுதிய எண் அது. மற்ற வீட்டு எண்களைக் கூட்டிப் பார்த்த நான், என் வீட்டு எண்ணைப் பார்க்கவே இல்லை.

இசைவாணி கையுறையைக் கழற்றியபடி, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார்" என்றார்.

"திங்கட்கிழமை நானே சொல்றேன்மா."

வீட்டுக்கு வந்து என் மனைவி ரெங்கம்மாளிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"ஆமா, நான்தான் போட்டேன். பச்சப்புள்ள கட்டின துணியைத் தெருவுல நாலு பேரு பாக்க வண்டியில போட்டு அனுப்பவா? கண்ணு பட்டுடும். அதுவும் நீங்க தராசுல வேற தொங்கவிடுவீங்க."

"அதுக்குச் செபஸ்தி வீட்டுக் கொல்லைப்பக்கமா?"

"அவ வீட்டுப் பக்கம்னு பாத்தா போட்டேன்? அங்கதான் காட்டாமணக்கு மறைவா இருந்துச்சு. வாய்க்கால் காஞ்சு கெடந்துச்சு. தண்ணி வந்தா அடிச்சிட்டுப் போயிடும்னு நெனச்சேன்."

"எங்க அடிச்சிட்டுப் போகும்?"

"கீழ."

"கீழ யாரு இருக்கா?"

அவர் குழந்தையின் துணிகளை மடிக்கத் தொடங்கினார். கீழே அவருடைய தம்பி வயல் இருக்கிறது.

"என் நோட்டை வேற கிழிச்சிருக்கியே."

"முப்பது வருஷமா யாரு அதைப் படிச்சா? இன்னிக்குத்தான் நீங்களே படிச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சிறிது நேரம் கழித்து வந்து, மெதுவான குரலில், "அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுமா?" என்று கேட்டார். பைகள் அகப்பட்ட செய்தி காதில் விழுந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று மகள் பிறகு சொன்னாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். தலைமையாசிரியர் ஜாய்ஸ் டீச்சர், புகழேந்தி, மகளிர் குழுப் பெண்கள் இருபத்திரண்டு பேர். செபஸ்தியம்மாள் கடைசி வரிசையில், வாசல் பக்கமாக உட்கார்ந்திருந்தார். எழுந்து போவதற்கு வசதியான இடம்.

புகழேந்தி தொண்டையைச் செருமினார். அவர் ஆரம்பிப்பதற்கு முன்னால் நான் எழுந்தேன். பைகளைப் பிரித்ததையும் உள்ளே இருந்ததையும் சொன்னேன். "பை ஐந்தும் என் வீட்டுது. காகிதம் என் நோட்டு. பதினாறாம் எண் வீட்டில் ஒரு பகல் முழுக்க இருந்து பார்த்தேன். அந்த வீட்டிலிருந்து வாய்க்காலுக்கு எதுவும் போகவில்லை" என்றேன். தகர டின்னைப் பற்றியும் சொன்னேன். அதையும் சொன்னால்தான் கணக்கு முழுமையாகும்.

முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு பரவியது.

"ஊர்க் குப்பையை எல்லாம் நிறுத்தாரு, சொந்த வீட்டுது அகப்படலியா!"

"யாரு சார் கொண்டுபோய்ப் போட்டது? பெரியம்மாவா?"

"என் வீடுன்னா நான்தாம்மா" என்றேன்.

புகழேந்தி என் நோட்டை மூடி மேசையின் ஓரத்தில் வைத்தார். அவர் முகம் சிவந்திருந்தது. "நான் அவசரப்பட்டுட்டேன்மா" என்று கடைசி வரிசையைப் பார்த்துச் சொன்னார். ஜாய்ஸ் டீச்சர், "சமையலுக்குச் செபஸ்தியம்மாள் பெயரை எழுதலாமா?" என்று கேட்டார். இருபத்தொரு கைகள் உயர்ந்தன. இருபத்திரண்டாவது அவருடையது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் இப்போது பகலில் பருத்தித் துணி, தூங்கும்போது மட்டும் டயாப்பர். இசைவாணி ரெங்கம்மாளிடம், "நல்லாச் சுருட்டி, மேல சிவப்புக் கோடு போட்டுக் குடுங்க. திறக்க மாட்டேன், சாரையும் திறக்க விட மாட்டேன். கண்ணு படாது" என்று சொல்லிவிட்டுப் போனார். நாளைக்கு நூற்றெழுபது கிராம் வருகிறது. எழுதுகிறேன்.

ஜூன் இரண்டாம் தேதி பள்ளி திறந்தது. முதல் நாள் ஐம்பத்தேழு பிள்ளைகளுக்கு ரவா உப்புமா. தட்டுகளில் மிஞ்சியது மூன்று கிலோவுக்கு மேல். செபஸ்தியம்மாளுக்கு அது விளங்கவில்லை. உப்பு சரி, காரம் சரி. அடுத்த நாள் பந்தியில் பிள்ளைகள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொருவரையும் கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் எப்படிப் போடுவார்களோ என்று பாதிப் பேருக்கு அம்மாமார்கள் வீட்டிலேயே ஒரு கை ஊட்டி அனுப்புகிறார்கள். வீட்டில் சாப்பிட்டு வரும் பிள்ளைக்கும் அதே கரண்டி விழுகிறது.

அன்று சாயங்காலம் அவர் வீடு வீடாகப் புறப்பட்டார். "நாளைக்கு உங்க புள்ள சாப்பிட்டு வருமா, பசியோட வருமா? எதுன்னாலும் சரி, முன்னாடியே சொல்லிடுங்க. அதுக்குத் தக்கன ரவா போடுவேன்." எங்கள் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இல்லை. அதனால் அவர் எங்கள் வாசலில் நிற்கவில்லை. ரெங்கம்மாள்தான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி அவரை நிறுத்தினார். கூட்டம் முடிந்து மூன்று வாரமாக இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

"செபஸ்தி, என் மேல கோவமா இருக்கியா?"

செபஸ்தியம்மாள் குழந்தையின் காலை ஒரு முறை தொட்டுப் பார்த்தார்.

"இருக்கு பெரியம்மா. இல்லாம எப்படி? ஆனா இப்ப நிக்க நேரமில்ல. இருட்டுறதுக்குள்ள இன்னும் பதினாலு வீடு கேக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு நடந்தார்.